எந்த மூக்குல ரத்தம்?

போன கார்த்திகைல ஒரு வாரம் விடாம மழை. அன்னிக்குத்தான் கொஞ்சம் வெளுத்திருந்துச்சு. காலைல காப்பி போடலாம்னு அடுப்படிக்குள்ள போறேன், சிமெண்டுத் தரைல ஒரு சொட்டு ரத்தம், ரெண்டடி தள்ளி இன்னொண்ணு, அப்படியே வாசப்படி வரைக்கும் கோலப்புள்ளி மாதிரி போகுது. வெளிய வந்து பாத்தா எங்க மொச்சை திண்ணைல ஒக்காந்து தும்மிக்கிட்டு இருக்கான், ஒவ்வொரு தும்மலுக்கும் செவுத்துல பொடிப்பொடியா செவப்பு.

மொச்சைங்கிறது நாய். வெள்ளை ஒடம்புல காதுகிட்ட மட்டும் மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு மச்சம், என் பொண்ணு வச்ச பேரு. நாட்டு நாய்தான், மூணு வயசு. நாங்க இருக்கிறது தாண்டிக்குடி பக்கம். கொடைக்கானல் மலைன்னு சொன்னதும் ஏரி, போட்டுனு கேப்பாங்க, எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, இங்க காப்பி, மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு, அட்டை, அவ்வளவுதான்.

ரத்தத்த பாத்ததும் எனக்கு மொச்சை ஞாபகம் வரல, ராணி ஞாபகம்தான் வந்துச்சு. ராணி இவனுக்கு முன்னாடி இருந்தவ. ரெண்டு நாளா சாப்பிடாம சுருண்டு கெடந்தா, மூத்திரம் கடுங்காப்பி கலர்ல போச்சு, நாங்க என்னமோ வெயில் சூடுனு நெனச்சு மோர் ஊத்துனோம், காய்ச்சல் மாதிரி இருக்கேன்னு வீட்ல இருந்த பாராசிட்டமால்ல பாதிய ஒடச்சு வேற குடுத்தோம். காலைல மொத பஸ்ஸுக்கு கீழ எறங்கி டாக்டர்கிட்ட காட்டிரலாம்னு படுத்தோம். விடியல. அதாவது அவளுக்கு விடியல. பின்னாடி ஒரு டாக்டர்கிட்ட இதச் சொன்னப்ப அது உண்ணி கடிச்சு கிருமி ஏறி வர்ற உண்ணிக் காய்ச்சலாத்தான் இருந்திருக்கும்னாரு, ரத்தச் செவப்பணுவ அந்தக் கிருமி ஒடைக்கிறதாலதான் மூத்திரம் அந்தக் கலர்ல போகும், ஈறைத் தூக்கிப் பாத்திருந்தா சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும்னு சொன்னாரு. மனுச மாத்திரைய நாய்க்கு குடுத்ததுக்கு தனியா திட்டு. பாராசிட்டமால் அளவு மீறுனா ஈரல கெடுக்கும், இபுப்ரொஃபென் வயித்துல புண்ணாக்கி கிட்னியையும் கெடுக்கும், நாய்க்கு ஒண்ணுமே குடுக்காம இருக்கிறது எவ்வளவோ மேல்னாரு.

அதனால மொச்சைக்கு ரத்தம்னதும் நான் மோரும் ஊத்தல, ஒண்ணும் ஊத்தல. மொதல்ல ஈறைத் தூக்கிப் பாத்தேன். ரோஸ் கலர். வெரலால அழுத்தி விட்டா வெளுத்து, ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப செவக்கணும்னு சொல்லியிருந்தாங்க, செவந்துச்சு. தெர்மாமீட்டர் (அது நாய்க்குன்னே தனியா வச்சிருக்கோம், எங்க வைக்கணும்னு தெரிஞ்சவங்களுக்கு ஏன் தனின்னு தெரியும்) 101.8 காட்டுச்சு, நாய்க்கு 101ல இருந்து 102.5 வரைக்கும் சாதாரணம், நம்ம கணக்குல பாத்தா காய்ச்சல்னு பயந்துருவோம். சோறும் தின்னான். எல்லாம் சரியா இருக்கு, ஆனா ரத்தம் வருது. உண்ணிக் காய்ச்சல்ல மூக்குல ரத்தம் வரும்னும் எனக்குத் தெரியும், ரத்தத்த உறைய வைக்கிற தட்டணு கொறஞ்சு போயிரும், அதான் மூளை அதையே புடிச்சுக்கிச்சு. பஸ்ல நாயை ஏத்த மாட்டாங்க, ஜீப்பு புடிச்சு வத்தலக்குண்டு எறங்குனோம். வழில மூணு தடவ வாந்தி, நாயில்ல, என் பொண்ணு.

கிளினிக்ல ரத்தம் எடுத்தாங்க. தட்டணு 2,60,000. நாய்க்கு 2 லட்சத்துல இருந்து 5 லட்சம் வரைக்கும் இருக்கணும், ஆக அது நல்லாவே இருக்கு. இருந்தாலும் ஆரம்பத்துல சில சமயம் டெஸ்ட்ல புடிபடாது, ஏரியா வேற உண்ணி ஏரியான்னு அதுக்கான டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, 28 நாளைக்கு, வெறும் வயித்துல குடுக்கக் கூடாது. அவங்க மேல குத்தமே இல்ல, நான் போனதும் போகாததுமா "உண்ணிக் காய்ச்சல்ங்க, மூக்குல ரத்தம்"னு நோய்க்குப் பேரு வச்சுத்தானே கூட்டிட்டுப் போனேன்.

அஞ்சு நாள் ஆச்சு. மாத்திரை உள்ள போகுது, ரத்தம் வெளிய வருது. நின்னா மாதிரி இருக்கும், மறுபடி தும்முவான், தலைய ஆட்டுவான், முன்னங்காலால மூக்கத் தேய்ப்பான். அப்பத்தான் பக்கத்து தோட்டத்து அப்பத்தா மிளகுக்கொடி கட்டிட்டு அந்தப் பக்கம் வந்துச்சு. திண்ணைல ஒக்காந்து வெத்தலையப் போட்டுக்கிட்டே செவுத்தப் பாத்துச்சு.

"எந்த மூக்குலடா வருது?"

எனக்குத் தெரியல. அஞ்சு நாளா பாக்குறேன், தொடைக்கிறேன், போட்டோ கூட எடுத்து அனுப்பியிருக்கேன், எந்த மூக்குன்னு பாக்கல. போனை எடுத்து பழைய போட்டோவெல்லாம் பாத்தா எல்லாத்துலயும் எடது பக்கம். வலது பக்கம் சுத்தமா இருக்கு.

"ஒத்த மூக்குன்னா அட்டைதான். ஊத்துல தண்ணி குடிக்கிறானா? எங்க கிடேரிக்கு இப்படித்தான் ஒரு மாசம் ஒழுகுச்சு."

நாம கால்ல ஏறுற காட்டு அட்டை இல்ல இது, வேற ஜாதி, தண்ணில இருக்கும். குட்டியா நூல் மாதிரி இருக்கும்போதே மாடோ நாயோ குனிஞ்சு குடிக்கையில மூக்குக்குள்ள போய் ஒட்டிக்கிடும், அங்கயே வாரக்கணக்குல ரத்தம் குடிச்சு வளரும். அட்டை எச்சில்ல ரத்தத்த உறைய விடாத சரக்கு இருக்கில்ல, அதான் சொட்டிக்கிட்டே இருக்கு. ஒடம்பு முழுக்க ரத்தம் உறையாத நோயின்னா ரெண்டு மூக்குலயும் வரலாம், ஈறுல வரலாம், வயித்துத் தோல்ல செவப்புப் புள்ளி தெரியலாம். ஒரே பக்கம்னா அந்தப் பக்கத்துக்குள்ள என்ன இருக்குன்னு மொதல்ல பாக்கணும். இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சுக்கிட்டது. அன்னிக்கு எனக்கு வந்த புத்தி என்னன்னா, டார்ச்சும் புருவம் புடுங்குற கொறடும் எடுத்துக்கிட்டு நானே எறங்குனது. பக்கத்துல ஒருத்தர் பொகையிலைத் தண்ணிய மூக்குல ஊத்துன்னாரு, இன்னொருத்தர் உப்புன்னாரு, கால்ல ஏறுன அட்டைக்கு செய்யிறத எல்லாம் மூக்குக்கு சொல்றாங்க, நல்லவேளை அத செய்யல. கொறடு மூக்குகிட்ட போனதும் மொச்சை திரும்பிட்டான், பல்லு பட்டு பொறங்கையில செவப்பா ஒரு கீறல், ரத்தம் இல்ல.

மறுநாள் மாட்டு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன். டாக்டர் நாயைப் பாக்குறதுக்கு முன்னாடி என் கையத்தான் பாத்தாரு. "சோப்பு போட்டு கழுவுனீங்களா?" லேசா கழுவுனேன்னேன். லேசான்னா என்னன்னு ஒரு மொற மொறைச்சாரு. ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவணுமாம். இவனுக்கு வருஷா வருஷம் வெறிநாய் ஊசி போட்டிருக்குன்னு அட்டைய நீட்டுனேன் (தடுப்பூசி அட்டை), அது அவனுக்கு, ஒங்களுக்கு நீங்கதான் போட்டுக்கணும்னு சொல்லிட்டாரு. ஆரம்ப சுகாதார நிலையத்துல அன்னிக்கு ஒண்ணு, அப்புறம் 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். காசு கெடையாது, நடைதான்.

அப்புறம் வைத்தியம். ரொம்ப உள்ள இருந்தா மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்கணும், அதுக்கு முன்னாடி தண்ணியக் காட்டி அட்டைய வெளிய வரவைக்க முடியுதான்னு பாப்போம்னாரு. தண்ணியே குடுக்காம மூணு மணி நேரம் அந்த வேப்பமரத்தடில கட்டிப் போட்டோம். ஆடு மாடோட வந்தவங்க எல்லாரும் போகாம நின்னுட்டாங்க, ஒரு தாத்தா தன் ஆட்டுக்கு மருந்து வாங்கிட்டும் போகல. பெறகு வெள்ளை பேசின் நெறைய தண்ணி வச்சு, வாயக் கட்டி, குடிக்க விடாம மூக்கு மட்டும் தண்ணிய தொடுற மாதிரி புடிச்சோம். பாவம், தண்ணிய மோந்துக்கிட்டே மொனங்குறான். ஒரு நிமிஷம் ஒண்ணுமில்ல. அப்புறம் எடது மூக்கு ஓரத்துல கருப்பா, வழுவழுன்னு ஒண்ணு எட்டிப் பாத்துச்சு, தண்ணிய தொட்டுச்சு, சட்டுனு உள்ள போயிருச்சு. கூட்டத்துல ஒரு அம்மா "அய்யய்யோ"ன்னு கத்துனதுல மொச்சை வேற துள்ளிட்டான்.

நாலாவது தடவை வெரல் நீளத்துக்கு வந்துச்சு. டாக்டர் ஃபோர்செப்ஸ்ல புடிச்சாரு, வெடுக்குனு இழுக்கல, இழுத்தா அந்துரும்னு அப்படியே இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னாரு, அது ரப்பர் மாதிரி நீளுது நீளுது, அப்புறம் தானா விட்டுருச்சு. தரைல போட்டா ரத்தம் குடிச்சு புடைச்சு நெளியுது. வாய்க்கட்ட அவுத்ததும் மொச்சை அந்த பேசின் தண்ணி முழுக்க காலி பண்ணுனான்.

ஒரு நாள் லேசா கசிஞ்சுச்சு, அப்புறம் நின்னுருச்சு. வத்தலக்குண்டு டாக்டருக்கு போன் பண்ணி நடந்ததச் சொன்னேன், சிரிச்சுட்டு மாத்திரைய நிறுத்தச் சொன்னாங்க. அப்பத்தாவுக்கு கால் கிலோ வெத்தலை பாக்கு.

இப்ப காப்பிக் களத்துக்குப் பக்கத்துல மொச்சைக்குன்னு ஒரு வாளி வச்சிருக்கேன், தெனமும் புதுத்தண்ணி. அவன் அதத் தாண்டித்தான் ஊத்துக்குப் போறான்.