எழுத்து முடிந்ததா?

பாரிசில் என் கலியாணத்துக்கு நாள் பார்க்கப் போனபோது, பஞ்சாங்கத்தைத் திறப்பதற்கு முதலே ஐயர் கேட்டார்: "தம்பி, மெரியில எழுத்து முடிஞ்சுதா?"

இல்லை என்றேன். பஞ்சாங்கத்தைத் தள்ளி வைத்துவிட்டார். "அந்தக் கடதாசி இல்லாமல் நான் தாலி எடுத்துக் குடுக்கேலாது."

ஊரில் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, கலியாணத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது. பதிவாளர் பெரிய புத்தகத்தோடு வீட்டுக்கே வருவார், கையெழுத்து வாங்குவார், பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போவார். இங்கே நகரசபையில், அதுதான் மெரியில், நடப்பது மட்டுமே சட்டத்தின் கண்ணில் கலியாணம். கோயிலோ தேவாலயமோ அவரவர் விருப்பம். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1792இலிருந்து இதுதான் நடைமுறை. மெரிச் சான்றைப் பார்க்காமல் வழக்கமாகக் கலியாணம் செய்துவைக்கும் மதகுருவுக்கு 6 மாதச் சிறையும் 7,500 யூரோ தண்டமும் விதிக்கலாம். ஐயரின் பயம் பிறகுதான் விளங்கியது.

எழுத்து நாளன்று தோளின் குறுக்கே நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டி போட்ட துணைமேயர் வந்தார். அவருக்குப் பின்னால், பிரெஞ்சுக் குடியரசின் உருவகமான மரியான் என்ற பெண்ணின் மார்பளவுச் சிலை. சிலுவையும் இல்லை, குத்துவிளக்கும் இல்லை. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மதிப்பும் விசுவாசமும் உதவியும் தரவேண்டும் என்ற சட்டப் பிரிவுகளை வாசித்தார். யாரும் உள்ளே வரலாம் என்பதற்காகக் கதவைத் திறந்தே வைத்திருக்கவேண்டுமாம். அதால் மாசி மாதக் குளிரும் வந்தது. பட்டுச்சேலைக்கு மேலே ஜாக்கெட் போட்டுக்கொண்டு அம்மா முணுமுணுத்தார்: "ஒரு சாமிப் படமாவது வைக்கப்படாதோ?"

எனக்கு அந்த வெறும் சுவர் பிடித்திருந்தது. நான் பிறந்த இலங்கையில் எனக்குத் தந்த பிறப்புச் சான்றிதழிலேயே இனத்துக்கு ஒரு இடம் இருந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று 1972 அரசியல் யாப்பில் எழுதி, 1978 யாப்பின் 9ஆம் உறுப்புரையிலும் அதைத் தொடர்ந்தார்கள். மெரியில் நான் நிரப்பிய படிவங்களில் மதம் என்ற கட்டமே இல்லை. அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் சம்பளம் கொடுக்காது என்று 1905 டிசம்பர் 9 சட்டம் சொல்கிறது. இவர்கள் அதை 'லைசிதே' என்பார்கள். அதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. 1905இல் ஜேர்மனியிடம் இருந்த அல்சாஸ் பகுதியில் பாதிரிமாருக்கு இன்றும் அரசுதான் சம்பளம் கொடுக்கிறது. நாடு முழுக்க மாதா விண்ணேற்பு நாளுக்கு அரச விடுமுறை. தைப்பொங்கலுக்கு நான்தான் வேலையிடத்தில் லீவு கேட்டு நிற்கவேண்டும்.

பிறகு மகள் பள்ளிக்கூடம் போனாள். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா அவளுக்கு நெற்றி நிறைய மூன்று குறி விபூதி பூசி அனுப்பிவிட்டார். வாசலில் நின்ற ரீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, துடைத்துவிட்டு அனுப்பச் சொன்னார். அரச பள்ளிகளில் எடுப்பாகத் தெரியும் மத அடையாளத்தை 2004 சட்டம் தடுக்கிறது. சின்னப் பொட்டைப் பற்றி இன்றுவரை யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு ஒரு ஈரக் கடதாசியோடு விசயம் முடிந்தது. எதிர்வீட்டு மொரோக்கோப் பிள்ளைக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு காலையும் லிசே என்ற மேல்நிலைப் பள்ளி வாசலில் நின்று, தலைத்துணியைக் கழற்றி, நாலாக மடித்துப் பைக்குள் வைப்பாள். அந்த நேரம் யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். அதைக் காணும்போது, வெறும் சுவரைப் பற்றிய என் சந்தோசம் கொஞ்சம் கூசும்.

ஓகஸ்ட் கடைசியில், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் பிள்ளையார் தேர் ஓடும். பொலிஸ் வீதியை மறிக்கும், தெருவில் சிதறு தேங்காய் குவியும். சென்ற வருடம் மறிப்பில் நின்ற இளம் பொலிஸ்காரர் ஒருவருக்கு மகள் மோதகம் நீட்டினாள். வாங்கி ஒரே வாயில் போட்டார். அடுத்து அம்மா விபூதித் தட்டோடு வந்தபோது மட்டும், சிரித்தபடியே கையால் மறித்து, தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.