நாலு ராத்திரியில் 4,700 மீட்டர்: மூன்று வரைவுகள் உடைந்த பிறகு தேறிய திட்டம்

கணவாய் ட்ரெக்குக்குப் போட்ட திட்டத்தின் நான்காவது வரைவு ஒருவழியாகத் தேறிவிட்டது. நாலு ராத்திரி ஆறு ராத்திரியாக நீண்டதுதான் அதற்குக் கொடுத்த விலை. முதல் மூன்று வரைவும் ஒரே இடத்தில்தான் உடைந்தன: கணவாய்க்கு முந்தைய கேம்ப்.

பாதை இதுதான். வண்டி நிற்கும் இடம் 2,700 மீட்டர். ஓடையோரப் புல்வெளி 3,300. பாறைச் சரிவின் அடியில் மேல் கேம்ப் 3,950. கணவாய் 4,700. அந்தப் பக்கம் இறங்கினால் 3,800-ல் ஒரு கேம்ப், மறுநாள் 3,200-ல் சாலை. மொத்த நடை 34 கிலோமீட்டர். தூரத்தை மட்டும் பார்த்தால் நடக்கப் பழகிய யாருக்கும் இது பெரிய விஷயமே இல்லை. குறுகிய ட்ரெக்கின் ஆபத்தே இங்கேதான் இருக்கிறது. நீண்ட பாதையில் நடையே மெதுவாக உயரத்துக்குப் பழக்கிவிடும். குறுகிய பாதையில் கால் தயாராக இருக்கும், ரத்தம் தயாராக இருக்காது. கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 56 சதவீதம்தான். மேல் கேம்ப்பில் 61.

பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. 3,000 மீட்டருக்கு மேல் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது உயர மருத்துவ வழிகாட்டிகள் சொல்லும் வரம்பு. பயண விவரத் தாள்களில் நாள், தூரம், மணி எல்லாம் இருக்கும். படுக்கும் உயரம் என்ற பத்தி மட்டும் இருக்காது. வழக்கமாகத் தரவேண்டிய முதல் தகவலே அது. அது இல்லாத தாளை வைத்துத் திட்டம் போடவே கூடாது.

முதல் வரைவு: 2,700, 3,300, 3,950, பிறகு கணவாய் தாண்டி 3,800. சமவெளியிலிருந்து ஒரே நாளில் 2,700-க்கு வண்டியில் போய்ப் படுப்பது முதல் தப்பு. 3,300-லிருந்து 3,950-க்கு 650 மீட்டர் தாவுவது இரண்டாவது தப்பு. இரண்டும் அடுத்தடுத்து வருவதால் தள்ளுபடி.

இரண்டாவது வரைவு தாளில் அழகாக இருந்தது. நடுவில் 3,600-ல் ஒரு கேம்ப் போட்டால் தாவல் 300, 350 என்று உடைந்துவிடும். வரைபடத்தில் அந்த இடம் சமதளம் மாதிரியே தெரிந்தது. 1:50,000 வரைபடம், ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 40 மீட்டர். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளந்தால் 4 மில்லிமீட்டர். அதாவது தரையில் 200 மீட்டர் போவதற்குள் 40 மீட்டர் ஏற்றம், 11 பாகைச் சரிவு. 11 பாகையில் டென்ட் போட்டால் ராத்திரி முழுக்க ஸ்லீப்பிங் பேக்கோடு காலடிக்கு வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பக்கத்தில் ஓடும் நீலக்கோடும் புள்ளிக்கோடு. பருவத்தில் மட்டும் ஓடும் ஓடை. தண்ணீர் நிச்சயமில்லாத, சரிவான இடத்தைக் கேம்ப் என்று அட்டவணையில் எழுதுவது வெறும் ஆசை. அதனால் இதுவும் போனது.

மூன்றாவது வரைவில் ஓய்வு நாளை மேல் கேம்ப்பில் வைத்தோம்: 3,300-ல் ஒரு இரவு, 3,950-ல் இரண்டு இரவு. சராசரி போட்டால் வரம்புக்குள் வந்துவிடும். இது சரியாகத் தோன்றியதற்குக் காரணமே அந்தச் சராசரிதான். ஆனால் தலைவலி, குமட்டல் வகை உயர நோய் பெரும்பாலும் புது உயரத்துக்குப் போன 6 முதல் 12 மணி நேரத்தில் தலைகாட்டும். நுரையீரலில் நீர் கோப்பது வழக்கமாக 2 முதல் 4 நாளில் வரும். பல நேரம் இரண்டாவது ராத்திரியில். ஓய்வு நாளை மேலே வைத்தால் 650 மீட்டர் தாவிய உடம்பை, இருப்பதிலேயே உயரமான கேம்ப்பில், இரண்டாவது ராத்திரியும் படுக்க வைக்கிறோம். நேரத்தைக் கூட்டினோம், கூட்டிய இடம் தப்பு.

ஆகவே நான்காவது வரைவு: 2,000-ல் இருக்கும் ஊரில் ஒரு இரவு, 2,700-ல் ஒன்று, 3,300-ல் இரண்டு, 3,950-ல் ஒன்று, இறங்கி 3,800-ல் ஒன்று. 3,300-ல் இருக்கும் ஓய்வு நாளில் சும்மா படுத்திருக்கக் கூடாது. பாரமில்லாமல் 3,800 வரை ஏறி, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். 650 தாவல் அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு கூடுதல் இரவு வந்துவிட்டதால் இரண்டு நாளுக்குச் சராசரி 325. நிலம் இடம் கொடுக்காதபோது வழிகாட்டிகளே சொல்லும் மாற்று இது.

இந்த அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்த்ததும்தான் திட்டத்தின் உண்மையான முகம் தெரிந்தது. பத்தியின் தலைப்பு: ‘ராத்திரி இரண்டு மணிக்கு இங்கிருந்து 300 முதல் 1,000 மீட்டர் இறங்க என்ன வழி?’ கடுமையான உயர நோய்க்கு முதல் மருந்து இறங்குவதுதான், பொதுவாக அந்த அளவு இறங்கினால் மாற்றம் தெரியும். 3,950-லிருந்து வந்த பாதையிலேயே 3,300-க்கு இரண்டரை மணி நேரம், ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் போகக்கூடிய பாதைதான். 3,800-லிருந்து கீழ்ச் சாலைக்கு நாலு மணி நேரம், ஒரு ஓடை மட்டும் குறுக்கே. மேல் கேம்ப்புக்கு இன்னொரு இடமும் பார்த்திருந்தோம், 4,050-ல் ஒரு ஏரிக்கரை. படத்துக்கு அழகான இடம். ஆனால் அதிலிருந்து வெளியே வர முதலில் 120 மீட்டர் மேட்டைத் தாண்ட வேண்டும். நிற்கவே முடியாத ஒருவரை ராத்திரியில் 120 மீட்டர் ஏற்ற முடியாது. இறங்குவதற்கு முன் ஏற வைக்கும் எந்த இடமும் கேம்ப் இல்லை.

நிறுத்தும் விதியையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். அங்கே போய்ப் பேசி முடிவெடுக்கலாம் என்றால், தலைவலியோடு இருப்பவர்தான் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று முதலில் சொல்வார். உயர நோயை அளக்கும் லேக் லூயிஸ் மதிப்பெண் போதும்: தலைவலி, வயிறு, களைப்பு, தலைசுற்றல், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. 2018 திருத்தத்தில் தூக்கத்தை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், பழைய தாளை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். தலைவலி இருந்து மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அவர் மேலே ஏறுவதில்லை. கேம்ப்புக்கு வந்து ஆறு மணி நேரம் கழித்து ஒருமுறை, காலையில் ஒருமுறை இந்த மதிப்பெண்ணைப் போட வேண்டும். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மதிப்பெண் பார்க்கவே வேண்டாம், உடனே இறக்கம். ஆக்சிமீட்டர் கூடவே வரும், ஆனால் குளிர்ந்த விரலில் அது காட்டும் எண்ணை நம்பி யாரையும் மேலே ஏற்றக் கூடாது. உயர நோய்க்கான மாத்திரை அசிட்டசோலமைடு, தடுப்புக்கு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து என்பது வழக்கமான அளவு. சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் உட்பட எல்லோரும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், இரண்டும் எதிர்பார்த்ததே. மாத்திரை இருக்கிறதே என்று ஒரு ராத்திரியைக் குறைப்பது தவறு.

கணவாய் நாள் இன்னும் முழுதாக முடியவில்லை. மலை நடைக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன விதிப்படி மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். நாலரைக் கிலோமீட்டர், 750 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டு மணி ஒன்பது நிமிடம். அந்த விதி தாழ்ந்த மலைகளுக்கானது, இந்த உயரத்தில் அதை அப்படியே போட்டால் ஏமாற்றம்தான். அதனால் வேறு கணக்கு: 11 கிலோ முதுகில் வைத்துப் பயிற்சி மலையில் அளந்த வேகம் மணிக்கு 450 மீட்டர் ஏற்றம். 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உழைப்புத் திறன் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். ஏற்றத்தின் நடு உயரமான 4,300-ல் 28 சதவீதம் போய்விட்டால் மிச்சம் மணிக்கு சுமார் 325 மீட்டர். அப்போது 750-க்கு இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். மணிக்குப் பத்து நிமிட ஓய்வு, பனியில் காலூன்றும் தாமதம், கூட்டத்தில் மெதுவானவர் வேகம் எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம். அதிகாலை 3:30-க்குக் கிளம்பினால் 7:30. 9:30 ஆகியும் உச்சி வரவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும், எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும். அந்தப் பக்கச் சரிவு கிழக்கு பார்த்தது. வெயில் ஏறினால் பனி இளகி முட்டி வரை புதையும். கீழே இருக்கும் ஓடையும் பனி உருகி மதியம் பெருகும்.

கடைசி 160 மீட்டர் தனியாகத் தொல்லை தருகிறது. அங்கே கோடுகள் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கிவிடுகின்றன: 50 மீட்டருக்கு 40 ஏற்றம், 39 பாகை. பனிச்சரிவு அதிகம் விழுவது 30 முதல் 45 பாகைக்குள்தான். இந்தச் சரிவில் ஷூவில் மாட்டும் சின்ன முள் சங்கிலியான மைக்ரோஸ்பைக் போதும் என்று நினைப்பது தவறு, அது மிதமான சரிவுக்கான பொருள். இங்கே ஷூவில் கட்டும் நீள முள் சட்டமான கிராம்பானும், பனிக்கோடரியான ஐஸ் ஆக்ஸும், அவற்றைப் பிடிக்கத் தெரிந்த கையும் வேண்டும். இடது பக்கப் பாறை முதுகில் கோடுகள் 2 மில்லிமீட்டர் விலகி இருக்கின்றன, 22 பாகை. சுற்று அதிகம், ஆனால் பாதை அந்த முதுகு வழியாகத்தான் போகும். ஒன்று மட்டும் நினைவில் வேண்டும்: 40 மீட்டர் இடைவெளி வரைபடத்தில் 35 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் ஒளிந்திருக்கலாம். செயற்கைக்கோள் படத்தில் நிழலைப் பார்த்து உறுதி செய்த பிறகே அந்த முதுகை இறுதி செய்ய வேண்டும்.

அடுப்புக் கணக்கு சுருக்கமாக. மேல் கேம்ப்பில் தண்ணீர் சுமார் 87 பாகையிலேயே கொதிக்கும். கிருமி சாக அது போதும், பருப்பு வேக அது போதாது. கொதிநீர் ஊற்றி மூடி வைத்தால் ஆகிவிடும் வகை உணவு மட்டுமே. மூன்று பேர், ஆளுக்கு இரண்டு லிட்டர், ஊரில் தங்கும் இரவு போக ஐந்து இரவு: 30 லிட்டர். காற்றுத் தடுப்போடு லிட்டருக்கு 15 கிராம் எரிவாயு வைத்தால் 450 கிராம், 230 கிராம் கேஸ் கேன் இரண்டு. ஓடை உறைந்து பனியை உருக்க வேண்டி வந்தால் இது ஏறக்குறைய இரட்டிப்பாகும், பனிக்கட்டியைத் தண்ணீராக்கவே கிலோவுக்கு 334 கிலோஜூல் போய்விடும். அதற்காக மூன்றாவது கேன். பியூட்டேன் மட்டும் இருக்கும் கேனை வாங்கவே கூடாது, கடல்மட்ட அழுத்தத்தில் அது −0.5 பாகையிலேயே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்ததாகப் பாருங்கள். விமானத்தில் கேனை ஏற்ற விடமாட்டார்கள், ஆகவே போய்ச் சேரும் ஊரில்தான் வாங்க வேண்டும். கையில் ஒரு சின்னத் தராசு இருந்தால் நல்லது. பாதி தீர்ந்த கேனைப் புதிது மாதிரி விற்பவர்கள் உண்டு. முழுக்கேன் எடையை முன்பே குறித்து வைத்திருந்தால் கடையிலேயே பிடித்துவிடலாம்.

குளிருக்கு 1,000 மீட்டருக்கு 6.5 பாகை என்ற கணக்குதான். 2,000-ல் ராத்திரி 10 என்றால் 3,950-ல் −3, தெளிந்த வானமும் பள்ளத்தில் தேங்கும் குளிரும் சேர்ந்தால் இன்னும் மூன்று நான்கு கீழே. ஸ்லீப்பிங் பேக்கில் கம்ஃபர்ட் என்று போட்டிருக்கும் எண்ணை, அதாவது வசதியாகத் தூங்கக்கூடிய குளிரைப் பாருங்கள், ஓரளவு தாக்குப்பிடிக்கும் லிமிட் எண்ணை அல்ல. கீழே விரிக்கும் மேட் தரைக் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஆர் மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம்: 2 உள்ள ஃபோம் மேட்டின் மேல் 3.2 உள்ள காற்று மேட், மொத்தம் 5.2. காற்று மேட் ஓட்டையானாலும் அடியில் ஃபோம் இருக்கும். பவர் பேங்க்கும் ஹெட்லாம்ப் பேட்டரியும் ராத்திரி பேக்குக்குள்ளேயே படுக்கட்டும்.

பாக்கி இருப்பது பாறை முதுகின் படச் சரிபார்ப்பும், முழுப் பாரத்தோடு இன்னொரு முறை வேகம் அளப்பதும். அதற்குள் இதே பாதையைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்கும் வேலையும் ஆரம்பித்தாயிற்று. 3,200-லிருந்து 3,800-க்கு 600 தாவல், பிறகு அங்கிருந்தே கணவாய்க்கு 900 ஏற்றம். ஆனால் கிழக்குச் சரிவை விடியலில் உறைபனி மேல் ஏறிவிடலாம், இறங்குவது பாறை முதுகில். அந்த அட்டவணையில் இதுவரை நிரம்பியிருப்பது முதல் ராத்திரிக் கட்டம் மட்டும்: 2,400.