சிப்பிக் கோட்டையில் மூன்று நாள்

மார்ச் 9

செயின்ட் அகஸ்டின், ஃபுளோரிடா. இங்கே ஸ்பானியர்கள் அடுத்தடுத்துக் கட்டிய ஒன்பது மரக்கோட்டைகளில் ஒன்றும் நிலைக்கவில்லை. 1668-ல் ராபர்ட் சர்ல்ஸ் என்ற கடற்கொள்ளைக்காரன் இரவோடு இரவாக ஊரைச் சூறையாடிய பிறகுதான் ஸ்பெயின் அரசுக்கு உறைத்தது. 1672-ல் தொடங்கிய காஸ்டிலோ டி சான் மார்கோஸ் என்ற இந்தக் கற்கோட்டை 1695-ல்தான் முடிந்தது. கல் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர்.

சுவரைக் கிட்டத்தில் பார்த்தால் கல்லே தெரியவில்லை, அத்தனையும் பொடிச் சிப்பிகள். இந்தச் சிப்பிக்கல்லைக் கோக்கினா என்கிறார்கள். எதிரே அனஸ்டேசியா தீவில் வெட்டிப் படகில் கொண்டுவந்தது. வெட்டியதும் மெத்தென்று இருக்குமாம், காயப்போட்டால்தான் இறுகும். சுண்ணாம்பும் சிப்பி சுட்டதுதான்.

மார்ச் 10

1702-ல் ஆங்கிலேயக் குடியேற்றமான கரோலினாவின் ஆளுநர் ஜேம்ஸ் மூர் முற்றுகையிட்டபோது ஊர்மக்களும் வீரர்களுமாகச் சுமார் 1,500 பேர் உள்ளே அடைந்து கிடந்தார்கள். மாடுகளை அகழிக்குள் ஓட்டிவிட்டார்கள். ஏறக்குறைய 50 நாள். ஹவானாவிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் வந்ததும் மூர் ஊரைக் கொளுத்திவிட்டு ஓடினார். 1740-ல் இன்னொரு ஆங்கிலேயக் குடியேற்றமான ஜார்ஜியாவின் தலைவர் ஓகல்தார்ப் வந்து 27 நாள் குண்டு போட்டார். சுவர் வெடிக்கவில்லை, சேற்றில் எறிந்த கல் மாதிரி குண்டுகள் அதில் புதைந்துவிட்டன.

'யாராலும் பிடிக்க முடியாத கோட்டை' என்று பெருமை பேசுகிறார்கள். சரிதான். ஆனால் 1763-ல், பிரிட்டன் பிடித்துவைத்திருந்த ஹவானாவைத் திரும்பப் பெற ஸ்பெயின் ஃபுளோரிடாவையே பிரிட்டனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது! 1783-ல் திரும்பக் கிடைத்தது. 1821-ல் அமெரிக்காவுக்குப் போனது. குண்டு துளைக்காததைக் கையெழுத்து துளைத்துவிட்டது.

மார்ச் 11

அமெரிக்கர்கள் இதற்கு ஃபோர்ட் மரியன் என்று பெயரிட்டுச் சிறையாக்கினார்கள். பழைய பெயர் 1942-ல்தான் திரும்பியது. என்னைக் கேட்டால் பீரங்கிக் கதைகளைவிட இந்தக் காலம்தான் முக்கியம். 1837-ல் வெள்ளைக்கொடியோடு பேச வந்த செமினோல் பழங்குடித் தலைவர் ஓசியோலாவைப் பிடித்து இங்கே அடைத்தார்கள். அதே ஆண்டு இன்னொரு செமினோல் தலைவரான கோவாக்கூச்சியும் இன்னும் சிலரும் தப்பிவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

1875-ல் சமவெளிப் பழங்குடிக் கைதிகள் வந்தார்கள். அவர்கள் கணக்குப் புத்தகத் தாள்களில் வரைந்த குதிரைகளும் வேட்டைகளும் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. காவலுக்கு இருந்த ரிச்சர்ட் பிராட் அவர்களின் முடியை வெட்டி, ராணுவ உடை மாட்டி, ஆங்கிலம் படிக்க வைத்தார். 1879-ல் கார்லைல் பள்ளியைத் தொடங்கி இதையே பழங்குடிக் குழந்தைகளிடமும் செய்தார்.

1886-ல் அப்பாச்சிப் பழங்குடிக் கைதிகள், சுமார் 500 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். உள்ளே இடம் போதாமல் மேல்தளத்தில் கூடாரம் போட்டார்கள். அமெரிக்க ராணுவத்துக்கே வழிகாட்டிகளாக வேலை பார்த்த அப்பாச்சிகளையும் இவர்களோடு சேர்த்து அடைத்தார்கள்.