36 மாதமும் ஒரு கைத்தெளிப்பானும்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. 2019-இல் ரசாயன உரம் போடுவதை நிறுத்தினேன். கொள்கை, லட்சியம் எல்லாம் இல்லை. பச்சை இலை கிலோ 12 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பறிப்புக் கூலியும் உரக்கடை பாக்கியும் போக டீக்குக்கூட மிஞ்சாத வருடம். ஆர்கானிக் இலைக்கு விலை கூட என்றார்கள், ஆர்கானிக் விவசாயிகள் குழுவில் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது: தேயிலைக்கு மாற்றக் காலம், அதாவது ரசாயனத்தை விட்டு ஆர்கானிக் சான்று கிடைக்கும்வரை, 36 மாதம். அந்த மூன்று வருடமும் விளைச்சல் குறையும், விலை மட்டும் சாதா இலையின் விலைதான். இலை வாங்கும் ஏஜெண்டு வண்டியில் என் மூட்டையும் ஊரார் மூட்டையும் ஒன்றாகத்தானே ஏறுகிறது!

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. மண்ணில் கிடந்த பழைய உரத்தில் செடி ஓடிவிட்டது. இரண்டாம் வருடம் விழுந்தது அடி. 15 நாளுக்கு ஒரு பறிப்புச் சுற்று; ஒரு சுற்றுக்கு 400 கிலோ பறித்த இடத்தில் 230 கிலோ. கணக்குப் போட்டால் அதிசயம் ஒன்றுமில்லை. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதே சத்துக்குச் சாணி எருவாக என்றால் ஏறக்குறைய நாலரை டன். மலையில் மாடு எத்தனை இருக்கிறது? மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏற்றினேன். எருவின் விலையைவிட வாடகை அதிகம். பிறகு வேப்பம் புண்ணாக்கும், தோட்டத்திலேயே போட்ட மண்புழு உரமுமாகச் சமாளித்தேன்.

அடுத்து கொப்புள நோய். தென்மேற்குப் பருவமழையில் நாலு நாள் வெயில் இல்லையென்றால் கொழுந்தில் வெள்ளைக் கொப்புளம் வந்துவிடும். அது இளந்தளிரில்தான் பிடிக்கும் என்பதால், நிழல் மரத்தின் கிளையைக் கழித்துவிட்டு, 15 நாள் சுற்றை எட்டு நாளாக்கினேன். நோய் குறைந்தது, கூலி ஏறியது. களைக்கும் இதே கதைதான். மருந்து அடித்தால் ஒரு நாளில் முடிகிற வேலைக்கு நாலு பெண்கள் ஒரு வாரம் குனிந்தார்கள்.

சான்றுக்காக ஆய்வுக்கு வந்தவர் செடியைப் பார்த்ததைவிடக் கொட்டகையைப் பார்த்ததுதான் அதிகம். மூலையில் ஒரு கைத்தெளிப்பான் தொங்கியது.

“இது யாரோடதுங்க?”

“மாமாவோடது. மழைக்கு வச்சுட்டுப் போனாரு.”

மாமா பக்கத்துத் தோட்டக்காரர், ரசாயன மருந்து அடிப்பவர். வந்தவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். “இதுல நீங்க பஞ்சகவ்யா அடிச்சீங்களா?”

இல்லை என்று நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். அன்றாடம் எழுதிவைத்த அந்தப் பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம்தான் காப்பாற்றியது. ஆனாலும் மாமா தோட்டத்து எல்லையில் இருக்கும் நாலு வரிசையைத் தனியாகப் பறித்து சாதா இலையாகவே விற்க வேண்டும் என்று எழுதிவிட்டார். காற்று மாமா பக்கமிருந்துதான் அடிக்கிறது.

2021-இல் இலங்கையில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டு, சில மாதத்திலேயே திரும்பப் பெற்றார்கள். தேயிலை உற்பத்தி அங்கே சரிந்த செய்தியைக் காட்டி, “பாத்தியா, ஒரு நாடே படுத்துருச்சு, நீ எம்மாத்திரம்?” என்றார் மாமா. எனக்குக் கோபம்தான். ஆனால் அங்கே எரு தயாரிக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. எனக்கு மூன்று வருடம் இருந்தது. அதுவும் வீட்டில் வேறு சம்பளம் ஒன்று வந்ததால். அது இல்லாதவர்கள் எங்கள் குழுவில் பாதியில் யூரியாவுக்குத் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மண் மாறியது உண்மை. முன்பு கவாத்து முடிந்து மழை பெய்தால் ஓடைக்குச் செந்தண்ணீர்தான் போகும். இப்போது கழித்த கிளையும் சில்வர் ஓக் சருகும் மூடிக் கிடக்க, தண்ணீர் தெளிவாக இறங்குகிறது. மண்வெட்டி போட்டால் புழு நெளிகிறது. அந்தப் புழுவுக்குக் கிலோவுக்கு இத்தனை என்று யாரும் தருவதில்லை என்பது வேறு விஷயம்.

2022-இல் சான்று வந்தது. விளைச்சல் பழைய 15 நாள் கணக்கில் 300 கிலோவுக்கு ஏறி அங்கேயே நிற்கிறது. கூடுதல் விலையில் ஏறத்தாழ பழைய வருமானம் கைக்கு வருகிறது, கடன் மட்டும் இல்லை. குழுவின் வண்டி வாரத்தில் இரண்டு நாள்தான் வரும். மழையில் சாலை அடைத்து வண்டி தவறினால், அன்றைய இலையை ஏஜெண்டிடமே போட வேண்டியதுதான். போன மாதம் இரண்டு முறை போட்டேன்.