காதால் பார்த்த நாடகங்கள்

எண்பதுகளின் கடைசியில் நம் பள்ளியில் படித்தவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் தூர்தர்ஷன் நாடகம். மற்ற ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தார்கள். பாம்பன், மண்டபம் பக்கம் நாம் அதைக் கேட்டோம் என்பதே சரி.

கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் பாம்பனிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். மலை அத்தனை உயரமாக இருந்தும் நம் கரையில் அது அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அதனால்தான் ஆன்டெனாவுக்கு இருபதடி பைப், பட்டை வயர், சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் எல்லாம். உப்புக்காற்றில் ஆன்டெனாவின் திருகுகள் ஒரே வருஷத்தில் பூத்துவிடும். செம்பு வயரின் நுனி பச்சை பிடிக்கும். சுரண்டி முடுக்கினால் கொஞ்ச நாள் ஓடும். காற்று அடங்கிய புழுக்கமான மாலைகளில் இலங்கையின் ரூபவாஹினி டி.வி. குறுக்கே வந்து ஏறிக்கொள்ளும். கடலுக்கு மேல் படியும் காற்று அடுக்குகள் அலையைக் குழாய்போல் கடத்திவருவதால் வரும் வினை அது. ஆனால் படம் புள்ளியாக இரைந்தாலும் ஒலி பெரும்பாலும் தெளிவாகவே கேட்டது. அன்றைய டி.வி.யில் படம் ஏ.எம். (அலையின் உயரம் மாறும் முறை), ஒலி எஃப்.எம். (அதிர்வெண் மாறும் முறை); இரைச்சலை எஃப்.எம். நன்றாகத் தாங்கும்.

முகத்தைக் கோணிச் சிரிக்கவைக்கிறவர்கள் நம் ஊரில் எடுபடாமல் போனதற்கும், கிரேசி மோகன் ஒட்டிக்கொண்டதற்கும் இதுதான் காரணம் என்பேன். அவருடைய நகைச்சுவை காதில் குடியிருப்பது.

1952இல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். 1976இல் எஸ்.வி.சேகரின் நாடகப்ரியா குழுவுக்கு எழுதிய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’தான் பெயருக்கு முன்னால் கிரேசியை ஒட்டவைத்தது. 1979இல் சொந்தக் குழு, கிரேசி கிரியேஷன்ஸ். ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை கே.பாலச்சந்தர் 1983இல் ‘பொய்க்கால் குதிரை’ என்று படமாக்கினார். பிறகு கமல்ஹாசன் படங்கள், டி.வி.யில் ‘விடாது சிரிப்பு’. 2019 ஜூன் 10இல் காலமானார். எழுத்தும் நடிப்பும் அவருடையவை. குழுவின் இயக்கம் எஸ்.பி.காந்தன் கையில் இருந்தது. மூன்று வேலையையும் ஒரே ஆள் இழுத்துப் போட்டுக்கொள்ளாததும் ஒரு கெட்டிக்காரத்தனம்தான். எழுதியவனுக்குத் தன் வரி எதையும் வெட்ட மனம் வராது.

நாடகத்துக்கு நாடகம் மாது, சீனு, ஜானகி என்று அதே பெயர்கள் வருவதைச் சோம்பல் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. மாது என்றதுமே ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடுவதால், அறிமுகத்துக்குப் போகும் நிமிஷங்கள் மிச்சம். அரைமணி டி.வி. நேரத்தில் விளம்பரம் போக 22 நிமிஷம் தேறினால் பெரிது. அங்கே இந்த மிச்சம் பெரிய தொகை.

‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் கல்யாணச் சாம்பாரில் மீன் விழும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் மீனும் ஆங்கில ‘மீன்’ (mean, அதாவது அர்த்தம்) என்ற சொல்லும் ஒரே சத்தத்தில் விழுவதுதான் வேடிக்கை. நடிகர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தால் காட்சி செத்திருக்கும். இரண்டையும் சமமாக உச்சரித்துவிட்டு, எதிராளி விழிக்கும் வரை பொறுக்க வேண்டும். மீன் பிடிக்கிற ஊர்க்காரர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

காதுக்கு எழுதுவது நமக்குப் புதிதும் அல்ல. அதற்கு முன்பே இலங்கை வானொலியின் ‘கோமாளிகள் கும்மாளம்’ நம் கரை முழுக்கக் கேட்டது. எழுதியவரும் அதில் மரைக்காராகப் பேசியவரும் எஸ்.ராமதாஸ். மரைக்காயர் தெருக்கள் உள்ள கீழக்கரையில் அந்தக் குரலுக்கு எத்தனை உரிமை கொண்டாடினார்கள் என்று அந்தக் காலத்து ஆட்களைக் கேளுங்கள்.

நம் ஆண்டுவிழா நாடகங்கள் தடுக்கிய இடமும் காதுதான். திறந்தவெளி மேடை, குழாய் ஸ்பீக்கர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு வசனம் கால் நொடிக்கு மேல் தாமதம். அவர் சிரிப்பு மேடைக்குத் திரும்ப அதே அளவு. ஆகவே சிரிப்பு இரண்டு அலையாக வரும். முதல் அலை முடிந்ததும் அடுத்த வசனத்தைத் தொடங்கினால் இரண்டாவது அதை விழுங்கிவிடும். சிரிப்பு பாதியாக இறங்கும்போது தொடங்க வேண்டும். தொடங்கும் சொல்லும் ‘அது வந்து’, ‘ஏன்னா’ மாதிரி, போனாலும் நஷ்டமில்லாத சொல்லாக இருக்க வேண்டும். வேடிக்கைச் சொல் வாக்கியத்தின் கடைசியில்தான். அதற்குப் பிறகு ஒரு ‘தானே’கூடக் கூடாது.

டி.வி.யில் இது தலைகீழ். அரங்கில் ஆளில்லை, மேடையில் விட்ட இடைவெளி அங்கே வெறும் ஓட்டையாகத் தெரியும். ஒன்று, எடிட்டிங்கில் வெட்ட வேண்டும். இல்லையென்றால், கேட்டவர் முகத்துக்கு குளோசப் போட்டு நிரப்ப வேண்டும். மேடை நாடகத்தை அப்படியே படம்பிடித்தவர்கள் பலர் சறுக்கியது இங்கேதான்.

ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் கோபுரம் வந்து, கேபிளும் வந்த பிறகு பைப்புகள் துணி காயப்போடும் கம்பமாயின.

இந்த ஆண்டு பழைய மாணவர் ஒன்றுகூடலில் நாடகம் போடுகிற தம்பிமார்களே, வசன நோட்டில் சிரிப்பு விழும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிகூட இல்லையென்றால் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாம். கடற்கரை ஓட்டலின் திறந்த புல்வெளி என்றால் காற்று இரையாமல் இருக்க மைக்குக்குப் பஞ்சு உறை கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நம் பள்ளியில் கட்டியதுபோல் கைக்குட்டை, இரண்டு மடிப்பு.