நல்ல வார்டு எது என்று கேட்கும் தங்கைகளுக்கு

தர்மபுரியில் பி.எஸ்சி. நர்சிங் படித்தவள் நான். கிளினிக்கல் போஸ்டிங் (ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி) போகவிருக்கும் மாணவிகள் "எந்த வார்டு நல்லது அக்கா?" என்று கேட்கிறார்கள். டியூட்டியில் எந்த சிஸ்டர் இருக்கிறார் என்று கேளுங்கள் என்பேன். டியூட்டர் மேடம் காலையில் ஆளுக்கொரு வார்டாகப் பிரித்து அனுப்புவார். பிறகு நாள் முழுக்க நம் கண் அந்த சிஸ்டரின் கைமேல்தான் இருக்கும்.

ஒரு வார்டில் எங்களுக்கு ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவதும் பதிவேட்டில் கோடு போடுவதும்தான் வேலை. மூச்சை எண்ணாமலேயே எல்லா நோயாளிக்கும் நிமிடத்துக்கு 20 என்று எழுதச் சொன்னார்கள். என்னுடன் படித்த சிலருக்கு அது பழக்கமாகவே ஒட்டிக்கொண்டது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அடுத்துப் போன வார்டில் பாம்புக்கடி நோயாளிகள் அதிகம். பென்னாகரம், அரூர் பக்கம் காட்டு வேலையில் கடிபட்டு வருவார்கள். அங்கிருந்த மூத்த சிஸ்டர், "வாம்மா, பக்கத்தில் நின்று பார்" என்றார். உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, சாய்த்துக் காட்டினார். உறையாமல் தண்ணீராக ஓடியது; விஷம் ரத்தத்தைப் பாதித்துவிட்டது என்று அர்த்தம். டாக்டர் 10 குப்பி விஷமுறிவு மருந்து எழுதினார். பொடியில் ஊசித் தண்ணீரை விட்டதும் நான் குலுக்கப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, குப்பியை வாங்கி உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டினார். "குலுக்கினால் நுரை கட்டிவிடும்."

அந்த மருந்து டிரிப்பில் ஏறத் தொடங்கியதும், ஒவ்வாமை வந்தால் போடும் அட்ரினலின் ஊசியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். "இவரை விட்டு நகராதே. அரிப்போ தடிப்போ நடுக்கமோ தெரிந்தால் டிரிப்பை நிறுத்திவிட்டுக் குரல் கொடு." சற்று நேரத்தில் நோயாளி கழுத்தைச் சொறிந்தார். நிறுத்தினேன், கத்தினேன். டாக்டரும் சிஸ்டரும் ஓடிவந்து தொடையில் அந்த ஊசியைப் போட்டார்கள். புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்தது அன்றுதான் எனக்குள் இறங்கியது. அத்தனை பரபரப்பிலும் அந்த சிஸ்டர் நோயாளியின் மனைவியிடம் நடப்பதை விளக்கிக்கொண்டிருந்தார். அதையும் கற்றுக்கொண்டேன்.

டியூட்டி மாறும் நேரத்துக்கு முன்பே வார்டுக்குப் போங்கள். இரண்டு சிஸ்டர்கள் படுக்கை படுக்கையாக ஒப்படைத்துப் பேசுவதைக் கேட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால் எந்த சிஸ்டரும் முகம் கொடுத்துப் பேசுவார்.

இப்போது கிருஷ்ணகிரியில் வேலை பார்க்கிறேன். சக சிஸ்டர்களிடம் ஒன்று கேட்கிறேன்: மாணவி சந்தேகம் கேட்டால் "காலேஜில் சொல்லித் தரவில்லையா?" என்று மடக்காதீர்கள். நெருக்கடியான நேரமென்றால், "நான் ஊசி போட்டு முடித்ததும் வா" என்று சொல்லுங்கள். அவள் காத்திருப்பாள்.