சட்டை லேபிளைப் படிக்கக் கற்றுக்கொடுப்போம்

பிளாஸ்டிக் என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கேரி பேக்கும் தண்ணீர் பாட்டிலும் நினைவுக்கு வருகின்றன. உடுத்தியிருக்கும் துணி நினைவுக்கு வருவதில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதும் அவர்களுக்குத் தெரியும். பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் அவற்றைப் பற்றி அழகாகப் பேசவும் செய்கிறார்கள். அப்படிப் பேசும்போது அவர்கள் அணிந்திருக்கும் சீருடையிலேயே பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. தண்ணீர் பாட்டில் எதனால் செய்யப்படுகிறதோ அதே பாலிஎத்திலீன் டெரிப்தாலேட்டை உருக்கி, இடியாப்ப அச்சில் மாவைப் பிழிவது போல நுண்துளைகள் வழியே பிழிந்து இழுத்தால் கிடைப்பதுதான் பாலியஸ்டர் இழை. உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கும் மேல் இன்று இதுவே.

வண்ணாரப்பேட்டையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலைகளில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளைத் துவைத்து வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பகுதி இது, இன்றும் எம்.சி. ரோட்டில் வரிசையாகத் துணிக்கடைகள்தான். துணியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் வேண்டியதில்லை என்பதால், பிளாஸ்டிக் பாடத்தை இங்கே துணியிலிருந்து தொடங்குகிறேன். வலையில் சிக்கிய ஆமையின் படத்தைக் காட்டித் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் படம் பிள்ளைகளைக் கலங்க வைக்கிறதே தவிர, மறுநாள் அவர்கள் கையால் செய்யக்கூடிய எதையும் சொல்வதில்லை.

முதல் வாரத்து வீட்டுப்பாடம் எளியது. வீட்டில் இருக்கும் துணிகளின் லேபிள்களைப் படித்து, எது என்ன இழை, எத்தனை விழுக்காடு என்று நோட்டில் எழுதி வர வேண்டும். ‘65 விழுக்காடு பாலியஸ்டர், 35 விழுக்காடு பருத்தி’ என்ற வரி அண்ணனின் சட்டையிலும் அப்பாவின் பேன்ட்டிலும் திரும்பத் திரும்ப வருவதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். லெக்கிங்ஸ் நீண்டு சுருங்குவதற்கு அதில் சிறிதளவு சேர்க்கும் ஸ்பேன்டெக்ஸ் காரணம் என்பதும், அதுவும் பிளாஸ்டிக் குடும்பமே என்பதும் அப்போது தெரிய வருகிறது.

லேபிள் இல்லாத பழைய புடவைக்கும் தாவணிக்கும் வேறு வழி இருக்கிறது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டின் மேல் வைத்து, பெரியவர் ஒருவர் அருகில் இருக்கத் தீக்குச்சியைக் காட்ட வேண்டும். பருத்தி நூல் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகிறது. பட்டு, முடி கருகும் நாற்றத்தைத் தருகிறது. பாலியஸ்டர் தீயைக் கண்டு சுருங்கி, உருகி, ஆறியபின் கறுத்த கெட்டியான மணியாக உறைகிறது. அந்த மணியை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்த பிள்ளைக்கு, துணியும் பிளாஸ்டிக்காக இருக்கலாம் என்பதை இன்னொரு முறை விளக்க வேண்டியதில்லை. விஸ்கோஸ் பருத்தியைப் போலவே எரியும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது மரக்கூழிலிருந்து வருவது, பிளாஸ்டிக் அல்ல. ஆனால் அதைத் தயாரிக்கப் பயன்படும் கார்பன் டைசல்பைடு, தொழிலாளர்களின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடிய நச்சு.

அடுத்தது வியர்வை. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்தே ஏற்றுக்கொள்கிறது; பாலியஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடுதான். மே மாதத்துச் சென்னையில் விளையாட்டு வகுப்பு முடிந்து வரும் பிள்ளைக்கு இந்த இரண்டு எண்களின் பொருளை முதுகே சொல்லிவிடும்.

இனித் துவைக்கும் தண்ணீருக்கு வருவோம். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கம்பளி போலத் தோன்றும் செயற்கை இழையான அக்ரிலிக்கில் நெய்த 6 கிலோ துணியை ஒருமுறை வாஷிங் மெஷினில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைத்துணுக்குகள் உதிரக்கூடும் என்று கணக்கிட்டார்கள். பாலியஸ்டரில் அது ஏறக்குறைய 5 லட்சம். நம் வீட்டுக் கழிவுநீர் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களில் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. அத்தகைய நிலையங்கள் துணுக்குகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன என்றாலும், தடுக்கப்பட்டவை கசடில் தங்குகின்றன. சுத்திகரிப்புக்கு வராமல் கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் கலக்கும் நீரோடு போகும் துணுக்குகளைத் தடுக்க எதுவுமில்லை. புதுத்துணி முதல் சில சலவைகளில்தான் மிகுதியாக இழை உதிர்க்கிறது என்பதைச் சொன்னால், அடிக்கடி புதுத்துணி வாங்குவதற்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு பிள்ளைகளுக்குத் தானாகவே புரிகிறது.

இந்த இடத்தில் ஆசிரியர் மிகுந்த கவனத்தோடு பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1941இல் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரண்டு பிரிட்டன் வேதியியலாளர்கள் உருவாக்கிய டெரிலின் என்ற பாலியஸ்டர் இழை, பின்னாளில் நம் தாத்தாக்களின் டெரிகாட்டன் சட்டையாக வந்தபோது, அதை அவர்கள் காரணத்தோடுதான் வரவேற்றார்கள். அது கசங்கவில்லை, எளிதில் கிழியவில்லை, ஐப்பசி மழையிலும் கொடியில் சீக்கிரம் காய்ந்தது. இரண்டே செட் சீருடை வைத்திருக்கும் பிள்ளையின் தாய், இரவில் துவைத்தது காலையில் காய்ந்தாக வேண்டும் என்பதற்காகப் பாலியஸ்டர் கலந்த துணியை எடுக்கிறார். அவரைக் குற்றவாளியாக்கும் பாடம் பாடமே அல்ல. கைத்தறிச் சட்டை வாங்க வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே பூமியின் மீது அக்கறை இருப்பதாக ஒரு பிள்ளை புரிந்துகொண்டு வீடு திரும்பினால், நாம் சொன்ன வேதியியல் அத்தனையும் வீண்.

பருத்தியும் குற்றமற்றதல்ல என்பதைச் சொல்வது இதற்கு உதவுகிறது. மத்திய ஆசியாவில் பருத்திப் பாசனத்துக்காக ஆறுகளைத் திருப்பியதால் ஏரல் கடலின் பெரும்பகுதி வற்றிப்போனது. நம் திருப்பூரில் சாயக்கழிவால் நொய்யல் கெட்டதை அடுத்து, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பிளாஸ்டிக் பாட்டிலை மறுசுழற்சி செய்து தயாரித்ததாக விளம்பரப்படுத்தப்படும் டி-சர்ட்டும் துவைக்கும்போது இழை உதிர்க்கத்தான் செய்கிறது.

அப்படியானால் எதைத்தான் உடுத்துவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வீட்டில் இருப்பதை உடுத்துங்கள், நீண்ட நாள் உடுத்துங்கள் என்பதே என் பதில். பாலியஸ்டர் என்று தெரிந்துவிட்டதால் நல்ல சட்டையைத் தூக்கியெறிவது, குப்பைமேட்டுக்கு இன்னும் கொஞ்சம் பிளாஸ்டிக்கை அனுப்புவதே ஆகும். நம் பாட்டிகள் நூல் புடவையை உடுத்தித் தீர்த்தபின் குழந்தைக்குத் தூளி கட்டினார்கள். பிறகு அது விரிப்பானது, கால்மிதியானது, கடைசியில் அடுப்பங்கரையில் கரித்துணியானது. சிந்தடிக் புடவைக்கு இந்தப் பின்வாழ்க்கை இல்லை, ஏனெனில் அது ஈரத்தை உறிஞ்சாது. ஆகவே அதன் முதல் வாழ்க்கையையே நீட்டித்தாக வேண்டும். கறை படாத துணியை ஒருமுறை உடுத்தியதற்காகவே துவைக்காமல் இருப்பது, மெஷினை நிறைத்துக் குளிர்ந்த நீரில் குறைந்த நேரம் ஓடவிடுவது ஆகியவை இழை உதிர்வதைக் குறைக்கும்.

இவற்றோடு ஊசியும் நூலும் வேண்டும். பட்டன் தைக்கவும், பிரிந்த தையலைச் சேர்க்கவும், மடித்துத் தைத்த ஓரத்தைப் பிரித்து நீளம் விடவும் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் ஒன்றாகவே கற்றுக்கொடுக்கிறேன். ஜிப் மாற்றுவது போன்ற கடினமான வேலைகளுக்குத் தெருவோரத் தையல்காரர் இருக்கிறார். அவரிடம் கொடுக்கும் பணம் ஒரு பேன்ட்டுக்கு இன்னும் சில ஆண்டுகளைத் தருகிறது.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுத் தேர்வு முடியும் ஏப்ரலில், உயரம் கூடியதால் மட்டுமே போட முடியாமல் போன சீருடைகளை மாணவர்களிடமிருந்து பெற்று, அளவு வாரியாகப் பிரித்து, பழுதுகளைத் தைத்து, ஜூனில் பள்ளி திறக்கும்போது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம். ஏழைப் பிள்ளைகளுக்கான தானமாக அதை அறிவிக்காமல், ஆசிரியர்கள் தம் சொந்தப் பிள்ளைகளுக்கும் அதிலிருந்தே எடுத்தால், கூச்சமின்றி எல்லாரும் எடுப்பார்கள்.